மரத்தை வரைஞ்சவருக்குப் பேர் இல்லையா?

'கோண்ட் ஓவியம்'ங்கற வார்த்தையை ஆறு மாசத்துக்கு யாரும் வாயால சொல்லக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டா நல்லா இருக்கும். நான் மட்டும் முதலமைச்சர் ஆனா முதல் கையெழுத்து அதுக்குத்தான். (பயப்படாதீங்க, ஆக மாட்டேன் :-))

எதைச் சொல்றேன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு மான் நிற்கும். அதோட கொம்பு வளர்ந்து வளர்ந்து மரமா ஆகியிருக்கும். அந்த மரத்துல குருவி உட்கார்ந்திருக்கும். மான் உடம்பு முழுக்க சின்னச் சின்னப் புள்ளி, கோடு, பிறை, மீன் செதில் மாதிரி நெளிவு. கண்டிப்பா பார்த்திருப்பீங்க. தலையணை உறையில, காபி கோப்பையில, புடவை முந்தானையில, புது வருஷ காலண்டர்ல. கீழே பொடி எழுத்துல 'கோண்ட் பழங்குடி ஓவியம்'னு போட்டிருக்கும். வரைஞ்சது யாருன்னு மட்டும் இருக்காது.

இதைப் பத்தி எழுதற நம்ம ஆளுங்களும் சும்மா இல்லை. ஒரு படத்தைப் போட்டு, 'பல நூறு ஆண்டுகளாக மாறாமல் வரும் கலை, இயற்கையோடு ஒன்றி வாழும் கள்ளமில்லா மக்களின் கைவண்ணம்'னு ரெண்டு வரி எழுதி, நாலு ஆச்சரியக்குறி போட்டு முடிச்சிடறாங்க. பாராட்டுதானே, உனக்கு என்னய்யா வலிக்குதுன்னு கேட்பீங்க. எனக்கு அது பாராட்டா தெரியலை. அந்த ரெண்டு வரியில மூணு பொய் இருக்கு. 'பல நூறு ஆண்டு'ங்கறது ஒண்ணு. 'கள்ளமில்லா'ங்கறது ரெண்டு. 'மக்கள்'ங்கறது மூணு. மூணும் சேர்ந்து ஒரே ஒரு வேலையைப் பார்க்குது. வரைஞ்சவரோட மூளையை அவர்கிட்ட இருந்து பிடுங்கி ஒரு இனத்து மேலயும் ஒரு காட்டு மேலயும் எழுதி வெச்சிடுது. மரத்துக்கு நன்றி சொல்லிட்டு, மரத்தை வரைஞ்சவரை வாசல்லயே நிறுத்திடுது.

ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் பொய்: பல நூறு ஆண்டு.

மத்தியப் பிரதேசத்துல பாட்டன்கர்னு ஒரு கிராமம். இன்னிக்கு திண்டோரி மாவட்டம். 1998-ல மாவட்டத்தைப் பிரிக்கறதுக்கு முன்னாடி மண்ட்லா மாவட்டத்துல இருந்தது. அங்க இருக்கிறவங்க பர்தான் கோண்டுகள். பர்தான்களோட பரம்பரைத் தொழில் படம் வரையறது இல்லை, பாட்டு. பானாங்கற நரம்பு வாத்தியத்தை வில்லால இழைச்சு, படா தேவ்ங்கற பெரிய தெய்வத்தையும் கோண்ட் ராஜாக்களோட கதையையும் தங்களை ஆதரிக்கிற குடும்பங்களோட வாசல்ல போய்ப் பாடுவாங்க, கொடுக்கிறதை வாங்கிட்டு வருவாங்க. நம்ம சங்க காலத்துப் பாணர்களை நினைச்சுக்கங்க, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. ஆதரிச்ச குடும்பங்களே நொடிச்சுப் போனப்ப பாட்டும் நின்னுது, சோறும் நின்னுது. வயல் கூலி, மண் வேலைன்னு போக ஆரம்பிச்சாங்க.

படம்னு பார்த்தா, வீட்டுச் சுவர்லயும் தரையிலயும் பெண்கள் 'டிக்னா' போடுவாங்க. பெரும்பாலும் கோடும் கட்டமும் முக்கோணமும். சுவர்ல மண்ணால புடைப்பா உருவம் செய்யறதும் உண்டு. அதெல்லாம் நிஜமாவே பழசு, அழகு. ஆனா காபி கோப்பையில நீங்க பார்க்கிற மான் அந்தச் சுவர்ல இல்லை. அந்த மான் பிறந்தது 1980-கள்ல. அதைப் பெத்தவருக்குப் பேர் இருக்கு: ஜன்கர் சிங் ஷ்யாம்.

1982 பிப்ரவரியில போபால்ல பாரத் பவன் திறந்தாங்க. கட்டடம் சார்லஸ் கொரியா. அதுல ஓவியக் காட்சியகத்துக்குப் பொறுப்பா இருந்தவர் ஜே. சுவாமிநாதன். சிம்லாவுல பிறந்த தமிழ்க் குடும்பத்துக்காரர், அவரே பெரிய ஓவியர். (மலையும் பறவையும் அந்தரத்துல மிதக்கிற அவரோட படங்களைத் தேடிப் பாருங்க. இயற்கையை வரையறதுன்னா என்னன்னு மண்டைக்குள்ள ஒரு பல்பு எரியும்.) அவர் என்ன பண்ணினார்னா, இளம் ஓவியர்களைக் குழுகுழுவா கிராமங்களுக்கு அனுப்பினார். அப்படிப் போன ஒரு குழு பாட்டன்கர்ல ஒரு வீட்டுச் சுவர்ல இருந்த படத்தைப் பார்த்து அசந்து நின்னுது. வரைஞ்சவர் ஏறக்குறைய இருபது வயசுப் பையன், கூலி வேலை பார்த்துக்கிட்டு இருந்தவர். போபாலுக்குக் கூட்டிட்டு வந்து காகிதமும் போஸ்டர் கலரும் கையில கொடுத்தாங்க. அப்புறம் கேன்வாஸ், அக்ரிலிக், அச்சு ஓவியம்னு பையன் எதையும் விடலை.

இங்கதான் முக்கியமான விஷயம். அதுவரைக்கும் பாட்டுல மட்டும் வாழ்ந்த தெய்வங்களுக்கு ஜன்கர் உருவம் கொடுத்தார். காதால கேட்டதைக் கண்ணுக்குக் கொண்டு வர்றதுன்னா சும்மாவா? இந்தத் தெய்வத்துக்கு முகம் எந்தப் பக்கம், என்ன நிறம், மூச்சு விடுதுன்னு எப்படிக் காட்டறது, உடம்பை எதால நிரப்பறது? ஒவ்வொண்ணையும் முடிவு பண்ணணும். பார்த்து எழுத முன்னாடி ஒரு படமும் கிடையாது. அந்த முடிவை எல்லாம் எடுத்தது ஆயிரம் வருஷ மரபு இல்லை. இருபத்தி சொச்சம் வயசுல ஒரு மனுஷன், தனியா, காகிதத்துக்கு முன்னாடி உட்கார்ந்து எடுத்தது. ஹிந்தி எழுத்தாளர் உதயன் வாஜ்பேயி இந்தப் பாணிக்கு 'ஜன்கர் கலம்'னு பேர் வெச்சார். வடக்கே பழைய ஓவியப் பள்ளிகளை 'கலம்'னுதான் சொல்வாங்க. ஒரு பள்ளியோட பேரே ஒரு தனி ஆள் பேர்ல இருக்கு, கவனிங்க.

ஆக, நாம 'தொன்று தொட்டு'ன்னு உருகற இந்த மரபுக்கு வயசு நாற்பத்தி சொச்சம். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல. அதை விட இளசுங்க இது!

பழசுன்னு சொல்லிட்டா என்ன குடி முழுகிடும்? முழுகும். 'தொன்று தொட்டு'ன்னா யாரும் கண்டுபிடிக்கலை, தானா வந்ததுன்னு அர்த்தம். மழை பெய்யற மாதிரி, காளான் முளைக்கிற மாதிரி. காளானுக்கு யாராவது காப்புரிமைப் பணம் கொடுப்பாங்களா?

ரெண்டாவது பொய்: இயற்கையோடு ஒன்றிய கள்ளமில்லா மனுஷன்.

இதுக்கு பஜ்ஜு ஷ்யாமைக் கூப்பிடறேன். ஜன்கரோட உறவுக்காரர், அதே பாட்டன்கர், 1971-ல பிறந்தவர். பதினாறு வயசு வாக்குல போபாலுக்கு வேலை தேடி வந்தார். ராத்திரிக் காவல், எலக்ட்ரீஷியன் வேலைன்னு கிடைச்சதைப் பார்த்தார். ஜன்கர் அவரைக் கூப்பிட்டு, தன் படங்கள்ல கோடு நிரப்பற வேலையைக் கொடுத்துப் பழக்கி, அப்புறம் சொந்தமா வரையத் தள்ளி விட்டார். 2018-ல பத்மஸ்ரீ வாங்கினார்.

காட்டுல மரத்தடியில உட்கார்ந்து, எதிர்ல தெரியற மரத்தை வரையற ஆள் இல்லை இவர். ஒரு மாநிலத் தலைநகர்ல உட்கார்ந்து, நினைப்புல இருந்தும் கதையில இருந்தும் மரத்தைத் திரும்பக் கட்டற ஆள். 'இயற்கையோடு ஒன்றி'ன்னு நாம சொல்றது அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பத்தின தகவல் இல்லை, நம்ம ஆசை. நாம நகரத்துல மூச்சு முட்டிக் கிடக்கறதால, எங்கேயோ ஒருத்தர் நம்ம சார்பா காட்டோட சுகமா இருக்கணும்னு ஒரு ஆசை. அந்த வேலைக்கு அவரைச் சம்பளம் இல்லாம அமர்த்திட்டோம்.

2000-களோட தொடக்கத்துல லண்டன்ல ஒரு இந்திய உணவகத்துச் சுவர்ல வரைய பஜ்ஜுவைக் கூப்பிட்டாங்க. ரெண்டு மாசம் போல அங்க இருந்தார். திரும்பி வந்து அவர் வரைஞ்சதுதான் 'லண்டன் ஜங்கிள் புக்', 2004-ல நம்ம சென்னை தாரா புக்ஸ் போட்டது. அதைப் பார்க்காதவங்க இந்த வாரமே பார்த்துடுங்க. லண்டன் பாதாள ரயில் அதுல ஒரு மண்புழு, ஏன்னா கோண்ட் கதைகள்ல பூமிக்கு அடியில ராஜ்ஜியம் அதோடது. நம்பி ஏறினா சரியான இடத்துல கொண்டு விடற பஸ், விசுவாசமான நாய். ஆகாய விமானம், றெக்கை முளைச்ச யானை. பொழுது சாய்ஞ்சதும் மதுக்கடைக்குப் பறக்கிற இங்கிலீஷ்காரங்க, வௌவால். பிக் பென் கடிகாரத்தோட வட்டம் ஒரு சேவலோட கண்ணா ஆகியிருக்கும். ரெண்டும் நேரம் சொல்ற ஜீவன்கள்தானே!

இதுல எங்க இருக்கு கள்ளமில்லாத்தனம்? இது குறும்பு. நல்லா யோசிச்ச, வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கிற குறும்பு. இன்னொரு விஷயம் தெரிஞ்சா இன்னும் ரசிப்பீங்க. வெரியர் எல்வின்னு இங்கிலாந்துல இருந்து வந்த மானுடவியல் அறிஞர், கோண்டுகளோட வாழ்ந்து அவங்களைப் பத்திப் புத்தகம் புத்தகமா எழுதினவர், பாட்டன்கர்லயும் இருந்தவர். அவர்கிட்ட வேலை பார்த்தவர் பஜ்ஜுவோட தாத்தா. தாத்தா காலத்துல வெள்ளைக்காரர் வந்து இவங்களைப் பார்த்து எழுதினார். பேரன் லண்டனுக்குப் போய் அவங்களைப் பார்த்து வரைஞ்சுட்டு வந்துட்டார். கணக்கு நேர் :-)

2006-ல அதே பதிப்பகம் போட்டது 'மரங்களின் இரவு வாழ்க்கை'. பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய் வியாம், ராம்சிங் உர்வேதி, மூணு பேர் வரைஞ்சது. கறுப்புத் தாள்ல ஒவ்வொரு நிறமா கையால திரை அச்சு போட்டுச் செஞ்ச புத்தகம். 2008-ல இத்தாலியில போலோன்யா ராகாஸி விருது வாங்கினது. அதுல ஒரு அரச மரம் இருக்கும். முழு மரத்தோட வடிவமும் அதோட ஒரு இலையோட வடிவமும் ஒண்ணேங்கற கவனிப்புதான் அந்தப் படம். இதைச் சொன்னப்புறம் எத்தனை அரச மரத்தை நிமிர்ந்து பார்த்தேன்னு கணக்கே இல்லை. நாம தினம் பிள்ளையாரோட சேர்த்து அரச மரத்தைச் சுத்தறோம், பார்த்தோமா?

இதை 'இயற்கை அழகு'ன்னு சொல்லி முடிச்சா அநியாயம். அந்தப் படங்கள்ல மரம் காட்சிப் பொருளா நிற்கலை. மரம் சோறு போடுது, சாராயம் கொடுக்குது, சாமியைக் குடி வைக்குது, பாம்பு கூட உறவு கொண்டாடுது. அந்தப் புத்தகம் வந்த அதே 2006-லதான் வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறினது. தலைமுறை தலைமுறையா காட்டுல இருக்கிறவங்களுக்கு அந்த நிலத்து மேல உரிமை இருக்குன்னு எழுத்துல ஒத்துக்கவே சுதந்திரம் வந்து 59 வருஷம் ஆயிருக்கு. அந்த மரத்தைச் சுவர்ல மாட்ட நாம ரெடி. அந்த மரம் யாரோடதுன்னு பேச ஆரம்பிச்சா மட்டும் நமக்கு வேற வேலை வந்துடும்.

இன்னும் சந்தேகம் இருந்தா 'பீமாயணம்' பாருங்க. 2011-ல நவயானா வெளியிட்ட அம்பேத்கர் வாழ்க்கைச் சித்திரக் கதை. வரைஞ்சவங்க துர்காபாய் வியாமும் அவங்க கணவர் சுபாஷ் வியாமும். காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டி அதுக்குள்ள ஆளை அடைக்க மாட்டோம்னுட்டாங்க. ரயில் பாம்பா வளைஞ்சு போகும். பேச்சு வர்ற குமிழியைப் பாருங்க. அன்பா பேசறவங்க பேச்சு பறவை வடிவத்துல இருக்கும். சாதித் திமிர் பிடிச்சவன் வாயைத் திறந்தா, அந்தக் குமிழிக்குத் தேள் கொடுக்கு இருக்கும். யோசிச்சுப் பாருங்க மக்களே. தேளும் பறவையும் 'இயற்கை'தான். ஆனா அங்க அது தீண்டாமையைப் பத்தின வாதம். தண்ணி குடிக்க விடாம ஒரு சின்னப் பையனைத் துரத்தின கதையை இவ்வளவு கூர்மையா சொன்னவங்களைப் பார்த்து 'கள்ளமில்லா கைவண்ணம்'னா, ஒண்ணு நாம படத்தைப் பார்க்கலை, இல்லை பார்த்ததை ஏத்துக்க விரும்பலை.

மூணாவது பொய்: 'மக்கள்' வரைஞ்சது.

ஒரு தடவை சென்னையில ஒரு கைவினைக் கடையில (பேர் வேண்டாம்) சட்டம் போட்ட ஒரு படத்தைக் காட்டி, இது யார் வரைஞ்சதுன்னு கேட்டேன். "டிரைபல் ஆர்ட் சார்"னார். சரிங்க, வரைஞ்சவர் யார்? "அவங்க எல்லாருமே வரைவாங்க சார், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்." படத்தோட கீழ் மூலையில ஹிந்தியில கையெழுத்து இருந்தது. சட்டம் போட்டவங்க அதுல பாதியை அட்டைக்குள்ள மறைச்சிருந்தாங்க. விலைச்சீட்டுல கடை பேர் இருந்தது, சட்டத்தோட அளவு இருந்தது, கண்ணாடி எந்த வகைன்னு கூட இருந்தது!

எல்லாம் ஒரே மாதிரியா? இந்த ஓவியர்கள் ஒவ்வொருத்தரும் உடம்பை நிரப்பறதுக்குன்னு ஒரு தனிக் கோடு வெச்சிருக்காங்க. ஒருத்தரோட புள்ளி வரிசை இன்னொருத்தரோடது இல்லை. அதுதான் அவங்க கையெழுத்து. கீழ் மூலையில பேர் இல்லாட்டியும் பழகின கண்ணு இது யாருதுன்னு சொல்லிடும். ஜன்கரோட மகள் பேர் ஜபானி ஷ்யாம் (அப்பா ஜப்பான் போய் வந்த நினைவா வெச்ச பேர்). கறுப்பு வெள்ளையில அவங்க வரையற மிருகங்களையும் துர்காபாய் வரையற மரங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரே மாதிரின்னு சொல்ல முடிஞ்சா கண் டாக்டர்கிட்ட போறது நல்லது.

நம்ம ஆதிமூலத்தையே எடுத்துக்கங்க. அவரோட கோட்டுச் சித்திரம் சிறுபத்திரிகை அட்டைகள்ல வந்தப்ப 'ஆதிமூலம் கோடு'ன்னுதானே கொண்டாடினோம்? திருச்சி மாவட்டத்துல பிறந்தவர்ங்கறதால 'திருச்சி மாவட்டக் கோடு'ன்னா சொன்னோம்? ரவிவர்மா வரைஞ்சா ரவிவர்மா படம். பஜ்ஜு ஷ்யாம் வரைஞ்சா கோண்ட் படம். என்னய்யா நியாயம் இது?

சரி, பேர்ல என்ன இருக்கு, காசு வந்தா போதாதான்னு கேட்கிற பிராக்டிகல் பார்ட்டிகளுக்கு, காசுக் கணக்கே சொல்றேன்.

எஸ்.ஹெச். ரஸா தெரியும்ல? இந்திய நவீன ஓவியத்தோட ஜாம்பவான், 'பிந்து' ரஸா. அவர் 1922-ல பிறந்தது மண்ட்லா மாவட்டத்துல பாபரியா கிராமத்துல. அப்பாவுக்குக் காட்டு இலாகாவுல வேலை. நர்மதைப் பக்கத்துக் காடு, அந்தக் காட்டோட ராத்திரிப் பயம், கோண்டுகளோட ஆட்டம், இதெல்லாம் சின்ன வயசுல மனசுல தங்கினதை அவரே பேசியிருக்கார். 2016-ல டில்லியில காலமானப்ப ஆசைப்பட்டபடி மண்ட்லாவுலதான் அப்பா பக்கத்துல அடக்கம் பண்ணினாங்க. ஜன்கரும் அதே மண்ட்லா. அதே நர்மதை, அதே காடு.

2010 ஜூன்ல லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல ரஸாவோட 'சௌராஷ்டிரா' (1983-ல வரைஞ்சது) சுமார் 16 கோடி ரூபாய்க்குப் போச்சு. அதே 2010-ல நியூயார்க் சோத்பீஸ் ஏலத்துல ஜன்கரோட 'சிலந்தியுடன் நிலக்காட்சி' 31,250 டாலருக்குப் போச்சு. அன்னிக்கு டாலர் விலைக்கு 14 லட்சம் சொச்சம். ஆதிவாசி ஓவியர் படம் இவ்வளவு விலைக்கான்னு அதுவே பெரிய செய்தி. நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். ரஸா மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவரோட படங்களும் நான் உருகற படங்கள்தான். ஓவியத்துல விலை வெச்சுத் தரம் பேசக் கூடாதுங்கறதும் தெரியும். பாரிஸ், ஐம்பது வருஷக் காலரி வரலாறு, இதெல்லாமும் விலையில சேரும்ங்கறதும் தெரியும். ஆனா அந்த வித்தியாசத்துல ஒரு பங்கு பேருக்குன்னு நான் சொல்றேன். ஒருத்தர் காட்டை நினைச்சு வரைஞ்சா 'நவீன மேதை'. இன்னொருத்தர் அதே காட்டை நினைச்சு வரைஞ்சா 'பழங்குடிக் கலை'. முதல் ஆளுக்கு மூளை இருக்கு, ரெண்டாவது ஆளுக்கு மரபு இருக்கு. மூளைக்குக் கோடி, மரபுக்கு லட்சம்.

அந்த ஏலத்தைப் பார்க்க ஜன்கர் இல்லை. 1989-ல பாரிஸ் பொம்பிடூ மையத்தோட 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சியில உலக ஓவியர்களோட இடம் பெற்றவர், போபால் சட்டசபைக் கட்டடச் சுவர்ல வரைஞ்சவர், 2001-ல ஜப்பான்ல நீகாத்தா பக்கம் தோகாமாச்சியில இருக்கிற மிதிலா அருங்காட்சியகத்துல தங்கி வரையப் போயிருந்தார். ஊருக்குத் திரும்பணும்னு வீட்டுக்குக் கடிதம் எழுதினார்னு அப்ப செய்தி வந்தது. திரும்பலை. ஜூலையில அங்கேயே தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். நாற்பதை ஒட்டின வயசு. அந்த மனசுக்குள்ள என்ன நடந்ததுன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, நானும் சொல்லலை. ஆனா ஒண்ணு கேட்கலாம். ஒரு மொழியையே உருவாக்கின ஓவியர், தன் பேர்ல ஒரு பள்ளியே இருக்கிறவர், அயல்நாட்டுல தனியா உட்கார்ந்து யாருக்கோ படம் வரைஞ்சு கொடுக்கிற நிலைமையில இருந்தாரே, ஏன்? அதே தகுதியோட ஒரு 'நவீன' ஓவியர் போயிருந்தா கூட ஒரு காலரி, ஒரு ஒப்பந்தம், கேள்வி கேட்க நாலு பேர் இருந்திருக்க மாட்டாங்களா? அப்ப நம்ம ஓவியர்கள் சிலர் இதைக் கேட்டாங்க. அப்புறம் எல்லாரும் வேற வேலை பார்க்கப் போயிட்டோம்.

இப்ப புதுசா ஒரு சந்தோஷச் செய்தி சொல்வாங்க: 2023-ல மத்தியப் பிரதேச கோண்ட் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு! நல்லதுதான். எங்கேயோ ஆலையில அச்சடிச்சு 'கோண்ட்'னு விற்கிறவனை மிரட்டவாவது ஆகும். ஆனா புவிசார் குறியீடுன்னா என்ன? மண்ணுக்கும் பொருளுக்கும் இருக்கிற உறவைக் காப்பாத்தற சட்டம். மதுரை மல்லிக்கு 2013-ல கிடைச்சது, பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல கிடைச்சது. ரொம்பப் பொருத்தம். மல்லிப்பூ கையெழுத்துப் போடாது. துர்காபாய் போடுவாங்க.

ஓவியருக்குன்னு ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்குங்க: 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம். அதுல 57-ஆவது பிரிவு, படத்தோட உரிமையை வித்தே போனாலும் 'இது நான் வரைஞ்சது'ன்னு சொல்லிக்கிற உரிமை படைச்சவர்கிட்டயே இருக்கும்னு சொல்லுது. 53-ஏ பிரிவு இன்னும் சுவாரசியம். ஒரு மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல மறுபடி விற்கப்பட்டா, ஓவியருக்கோ வாரிசுக்கோ அதுல பங்கு உண்டு, அதிகபட்சம் பத்து சதவீதம் வரைக்கும். ஆனா இந்த ரெண்டு உரிமையும் கையில வரணும்னா முதல்ல படத்துக்குப் பக்கத்துல ஒரு பேர் இருக்கணும். 'பழங்குடி ஓவியம்'ங்கற சீட்டு ஒட்டின நிமிஷம் யாரோட பங்கு, எந்த வாரிசு? பேரை அழிக்கறது வெறும் மரியாதைக் குறைவு இல்லை, கூலியை அழிக்கறது.

எனக்கு வரப் போற பின்னூட்டங்கள் தெரியும், இப்பவே பதில் சொல்லிடறேன்.

"அவங்க சமூகமே கூட்டுச் சமூகம்தான், தனி ஆள் பேர்ங்கறது மேற்கத்திய சமாச்சாரம்." அப்படியா? அவங்களே கையெழுத்துப் போடறாங்க. அட்டைக்குள்ள அதை மறைச்சது நாம. நம்ம கதையையும் கவிதையையும் யாராவது பேர் போடாம சுட்டுட்டா ஊரையே கூட்டறோம். அப்ப மட்டும் மேற்கு ஞாபகம் வர்றதில்லை.

"கதை எல்லாம் ஊர்க் கதைதானே, இவங்க என்ன சொந்தமா படைச்சாங்க?" கம்பன் சொன்னதும் ஊர் அறிஞ்ச கதைதான். அடுத்த கேள்வி?

"பேர் போட்டா விலை ஏறும், ஏழை எளியவங்க பிழைப்பு கெடும்." ஏறட்டும்! ஏறினா யாருக்குப் போகும்? தவிர, பேர் போட்டு விற்க முடியும்ங்கறதுக்குச் சாட்சி திருவான்மியூர்லயே இருக்கு. தாரா புக்ஸ் புத்தகங்கள்ல அட்டையிலேயே ஓவியர்கள் பேர் இருக்கு. கையால அச்சடிச்ச விலை கூடின புத்தகம், அப்படியும் பல மொழிகள்ல போச்சு, மறுபடி மறுபடி அச்சாச்சு. பேர் போட்டதால எந்த மரமும் பட்டுப் போகலை.

"நீயும் நகரத்துல உட்கார்ந்துக்கிட்டு அவங்களுக்காகப் பேசற ஆள்தானே?" ஆமா, நகரத்து ஆள்தான். அதனாலதான் அவங்க என்ன செய்யணும்னு ஒரு வரி கூட சொல்லலை. வாங்கற, மாட்டற, படத்தை எடுத்துப் போடற நாம என்ன செய்யணும்னுதான் சொல்றேன்.

சுவாமிநாதன் இதை அன்னிக்கே சொல்லிட்டார். ஒரே காலத்துல வாழற ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் எப்படிச் 'சமகாலம்' ஆவார்ங்கறதுதான் அவரோட வாதத்தோட சாரம். 1987-ல வந்த அவரோட 'பர்சீவிங் ஃபிங்கர்ஸ்' புத்தகத்துக்கே அதுதான் அடிப்படை. பாரத் பவன்ல கிராமத்து ஓவியத்தையும் நகரத்து ஓவியத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வெச்சுக் காட்டினார். நாற்பது வருஷம் கழிச்சும் நாம ஒண்ணைக் காலரியிலயும் இன்னொண்ணைக் கைவினைக் கடையிலயும் தேடிக்கிட்டு இருக்கோம்.

அதனால, பதிவெழுதற சகாக்களே, பெருசா ஒண்ணும் கேட்கலை. படம் எடுத்துப் போடும்போது யார் வரைஞ்சதுன்னு தேடுங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். பேர் கிடைச்சா முதல்ல பேர், அப்புறம் ஊர், கடைசியா வேணும்னா இனம். பேர் கிடைக்கலைன்னா 'ஓவியர் பேர் தெரியலை, தெரிஞ்சவங்க சொல்லுங்க'ன்னு ஒரு வரி. கடையில வாங்கினா பில் போடறவர்கிட்ட யார் வரைஞ்சதுன்னு கேளுங்க. தெரியாதுன்னு சொன்னாலும் கேளுங்க. பத்து பேர் கேட்டா பதினோராவது ஆளுக்காக விலைச்சீட்டுல எழுத ஆரம்பிப்பாங்க. 'தொன்று தொட்டு', 'கள்ளமில்லா', 'மண் மணம்', இந்த மூணு வார்த்தையையும் கொஞ்ச நாள் பரண்ல போடுங்க.

ஜன்கர் சிங் ஷ்யாம். பஜ்ஜு ஷ்யாம். துர்காபாய் வியாம். சுபாஷ் வியாம். ராம்சிங் உர்வேதி. ஜபானி ஷ்யாம். சொல்லிப் பாருங்க, வாயில நுழையாத பேர் ஒண்ணும் இல்லை. பிக்காஸோவையே பழகிட்டோம்.

டிஸ்கி: துர்காபாய் வியாமுக்கு 2022-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. 'பத்மஸ்ரீ வாங்கிட்டாங்களே, இன்னும் என்ன பேர் வேணும்'னு யாராவது வந்தா, நேரா அந்தக் கைவினைக் கடைக்கு அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்.